கணினியின் நோயும் அதன் முதலும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வார் உள்ளத்தே முதற்கண் தோன்றுவன இரண்டு: வல்வில் ஓரியின் வண்மை ஒன்று, கொல்லிப்பாவை மற்றொன்று. காற்றாலும் மழையாலும் இடியாலும் தன் வடிவு குலையாதது அப்பாவை என நற்றிணைப் புலவர் புனைந்துரைப்பர். சென்ற கோடை விடுமுறையில் யாம் அம்மலைமீது கண்ட பாவையோ அத்தகையதன்று. அது செம்மேட்டில் எம் சிற்றப்பனார் இல்லத்தே கணினித் திரையில் ஆடும் பாவை. இருபது நிமிடம் ஆடும். பின்னர் எவரும் தீண்டாமலே திடுமென மாயும். அது மாய்ந்த காரணத்தை யாம் தேடிக் கண்ட வரலாறும், அத்தேட்டத்தில் யாம் கற்ற முறையுமே இக்கட்டுரையின் பொருளாம்.

காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சோளக்காடு ஏறி, அப்பாற் செம்மேடு சேர்தல் வேண்டும். ஆண்டு எம் சிற்றப்பனார் மிளகும் காப்பியும் பயிரிட்டு வாழ்கின்றார். அவர் மகனாகிய எம் இளவல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். ஈராண்டு விடுமுறைகளில் மிளகு பறித்துப் பெற்ற கூலியைச் சேர்த்து, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தன் கையாலேயே அவன் பூட்டிய கணினி அது. அவன் பாடம் எழுதுவதும் அதில். மாலையில் விளையாடுவதும் அதில். விளையாட்டுக் கணினி என்பது முற்றிலும் வேறொரு பொறியன்று. எழுத்து வேலைக்குரிய கணினியிலுள்ள உறுப்புகளே இதிலும் உள. ஆயின் காட்சிகளை விரைந்து வரைதற்கெனக் கிராபிக்ஸ் கார்டு என்னும் தனியுறுப்பும், மிகுந்த ராம் நினைவகமும், மின்னாற்றலை மிகுதியாய் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் இதற்கு வேண்டும்.

அக்கணினிக்கு வந்த நோய் இது. கடிதம் எழுதினால் நாள் முழுதும் குறையின்றி உழைக்கும். விளையாட்டைத் தொடங்கினாலோ சிறிது நேரத்தில் திரை நீலமாகும்; பிழைச்செய்தி ஒன்று தோன்றும்; பொறி தானே அணைந்து மீண்டும் எழும். சமவெளியில் பழுதுபார்ப்பார் ஒருவர், நோயை வாய்மொழியாற் கேட்ட அளவிலே, "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதியது ரூ. 25,000 ஆகும்" என்றனராம். சிற்றப்பனாரோ வேறொரு தீர்ப்பு வைத்திருந்தார்: "ஓயாத ஆட்டமே பொறியைக் கெடுத்தது. கிடைத்த விலைக்கு விற்றுவிடு" என்பதே அது. இளவல் எம்மைத் தனியே அழைத்து, "அண்ணா, நான் ஒன்றும் கெடுக்கவில்லை. நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்கள்" என்று கண் கலங்கினான். ஆகவே அக்குடும்பத்தின் மிளகுப் பணமும், ஒரு சிறுவனது நற்பெயரும் அப்பொறியின் நோய்க்காரணத்தைச் சார்ந்து நின்றன.

யாம் தமிழ் மாணாக்கர், பொறியியல் கற்றேமல்லேம். ஆயினும் கல்லூரி விடுதியில் நண்பர்தம் கணினிகளைத் திறந்தும் மூடியும் பழகிய துணிவால் உடனே கை வைத்தோம். தூசி துடைத்தோம், ராம் பட்டைகள் இரண்டையும் கழற்றி மீண்டும் செருகினோம், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளையும் புதுப்பித்தோம். அன்று மாலை முழுதும் விளையாட்டு இடையறாது ஓடிற்று. சிற்றப்பனார்க்கும் காட்டி மகிழ்ந்தோம். மறுநாள் நண்பகலிற் பொறி முன்போலவே வீழ்ந்தது. எது உதவியது, எது உதவவில்லை என்று எமக்கே தெரிந்திலது. மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்துவிட்டோமன்றோ? "நான் சொன்னது சரிதானே?" என்று சிற்றப்பனார் மகனை நோக்கினார். எம் அவசரம் இளவலின் பழியை மிகுவித்ததே கண்ட பயன்.

அன்றிரவு எமக்குத் திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் நினைவிற்கு வந்தது. தேர்வுக்கென நெட்டுருச் செய்த அதிகாரமே. அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தோம். நோய் இன்னதெனத் தேர்தல், அது பிறந்த காரணத்தைத் தேர்தல், அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் என மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்து, செயலை அவற்றின் பின்னரே வைப்பர் வள்ளுவர். யாம் செயலிலிருந்து தொடங்கினோம். மறுநாள் முதல் அவ்வொழுங்கின்படி நடக்கத் துணிந்தோம்.

முதலாவது, நோய் இன்னதென அறிதல். ஒரு குறிப்பேடு எடுத்து, பொறி வீழுந்தோறும் நேரம், அப்போது ஓடிய மென்பொருள், திரையிற் கண்ட செய்தி ஆகியவற்றை எழுதி வந்தோம். வீழ்ச்சி ஒருவகைப்பட்டதன்று. செய்தி ஏதுமின்றி விளக்கணைந்தாற்போற் பொறி நின்றுவிடின் மின்வழங்கலையோ மிகு வெப்பத்தையோ முதலில் ஐயுறல் வேண்டும். திரையில் நிறத்திட்டுகளும் கோடுகளும் சிதறித் தோன்றின் ஐயம் கிராபிக்ஸ் கார்டின்மேற் செல்லும். ஒரே விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு ஏனைய யாவும் செவ்வனே நடப்பின் அவ்விளையாட்டின் கோப்புகளை முதலில் நோக்குதல் தகும். நீலத்திரை தோன்றி, முறைதோறும் வெவ்வேறு செய்தி கூறுமாயின் ராமை ஆராய்தல் வேண்டும். எம் குறிப்பேட்டில் ஐந்து வீழ்ச்சிகளுக்கு நான்கு வெவ்வேறு செய்திகள் இருந்தன. ஒருமுறை கிராபிக்ஸ் மென்பொருளின் பெயர் வந்தது; ஒருமுறை விண்டோஸின் கோப்பொன்றின் பெயர் வந்தது.

இன்னும், விண்டோஸ் எழுதி வைக்கும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் 41 என்னும் எண்ணுடைய குறிப்பு வீழ்ச்சிதோறும் காணப்பட்டது. 'கெர்னல் பவர்' என்னும் அதன் தலைப்பைக் கண்டு, மின்வழங்கலே குற்றவாளி எனத் துணிவாருளர். பொறி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்னும் அளவே அக்குறிப்புக் கூறும், காரணம் கூறாது. ஒருவர் வீழ்ந்தார் என்னும் செய்தி வேறு. எதனால் வீழ்ந்தார் என்பது வேறு.

இரண்டாவது, காரணம் தேடல். இதற்கு விதி ஒன்றே: ஒரு வேளைக்கு ஒரு மாற்றம். முதலில், ராமை அதன் இயல்பான விரைவினும் மிகுத்து ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை நிறுத்தினோம், பொறி வீழ்ந்தது. அடுத்து வெப்பத்தை அளந்தோம். விளையாட்டின் போதும் பிராசசரின் வெப்பம் 75 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. இக்காலத்துப் பிராசசர்கள் பெரும்பாலும் 95 அல்லது 100 பாகையை அணுகியபோதே தம் விரைவைத் தாமே குறைத்துக்கொள்வன; ஆதலின் வெப்பம் காரணமன்று. அதன்பின், கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் கடும் வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டினோம். கார்டு சிறிதும் தளரவில்லை. சமவெளியிற் பழி சுமத்தப்பெற்ற உறுப்புக்கு அது நல்ல சான்றாயிற்று.

பின்னர் ராம். மெம்டெஸ்ட் 86 என்னும் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுமுன்னரே அதனை ஓடச் செய்தோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, மீளப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒத்தனவா என நோக்கும். முதல் இரவு மழையும் இடியுமாக இருந்தது. மின்சாரம் நின்றமையாற் சோதனை பாதியில் அற்றது. இரண்டாம் இரவு, விடியுமுன் திரையிற் பிழை வரிகள் நிரம்பின. இச்சோதனையில் ஒரு பிழை தோன்றினும் ஐயத்திற்குப் போதும்; எமக்கோ நூற்றுக்கணக்கில் தோன்றின.

குற்றம் ராம் பட்டையிலா, பட்டை செருகும் பள்ளத்திலா? பட்டைகள் இரண்டு, பள்ளங்கள் இரண்டு. ஆக நான்கு சோதனைகள். முதற்பட்டை இரு பள்ளங்களிலும் பிழையின்றித் தேறியது. இரண்டாம் பட்டை இரு பள்ளங்களிலும் பிழை காட்டியது. பிழை பள்ளத்தோடு நில்லாது பட்டையோடு சென்றமையின் மதர்போர்டு நலமுடையது என்பதும் விளங்கிற்று. கணினியைத் திறப்பார் முதலில் மின்தொடர்பை அறவே நீக்கி, கூட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக் கொள்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவற்க; மின்தொடர்பு நீங்கிய பின்னும் உயிர்க்கு ஊறு செய்யும் மின்னேற்றம் அதனுள்ளே தங்கியிருத்தல் கூடும்.

"எழுத்து வேலையில் நன்றாயிருந்த பொறி விளையாட்டில் மட்டும் ஏன் விழுகிறது? ஆட்டந்தானே காரணம்?" என்று சிற்றப்பனார் வினவினார். நல்ல வினா. 8 ஜிபி ராம் பட்டை ஒன்றில் 6,800 கோடிக்கு மேற்பட்ட நுண்ணறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் சிறிது மின்னேற்றத்தைத் தேக்கி, 1 அல்லது 0 என்பதை நினைவில் வைக்கும். அம்மின்னேற்றம் கசிந்துகொண்டே இருத்தலின், 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் இவ்வகை ராமின் இயல்பு. நலிந்த அறை அதற்குள்ளேயே தேக்கியதை இழந்துவிடும். எழுதியது ஒன்றாகவும் படிப்பது வேறாகவும் முடியும். கடிதம் எழுதுங்கால் நினைவகத்தின் சிறு பகுதியே ஆளப்படும். விளையாட்டோ பெரும் பகுதியை நிரப்பும். "சித்தப்பா, பத்துச் சாக்குகளில் ஒன்றில் ஓட்டை இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு சாக்கு மிளகே விளைந்த ஆண்டில் அது தெரியாது. பத்தும் நிரம்பும் ஆண்டில் மிளகு சிந்தும். விளைச்சலா ஓட்டையைச் செய்தது?" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு மகனை நோக்கி, "அப்படியானால் உன் குற்றம் இல்லை" என்றார். இளவலின் முகம் மலர்ந்ததைக் கண்டு, எம் உழைப்பின் பயனைப் பெற்றோம்.

செய்திகள் வேறுபட்டதற்கும் காரணம் இதுவே. நலிந்த அறையில் அவ்வேளை எம்மென்பொருள் குடியிருந்ததோ அதன் பெயரே செய்தியில் வந்தது. அவ்வறையும் எப்போதும் தவறுவதன்று. சில வேளை தாங்கும், சில வேளை நழுவும். முதல்நாள் மாலை எம்மை ஏமாற்றியது அவ்வியல்பே.

வெளியே தோன்றும் கேட்டையே மூலகாரணம் எனக் கொள்ளும் பிழை கணினியளவில் நிற்பதன்று. இக்கொல்லிமலையிலேயே 1914ஆம் ஆண்டு, மிஷனெரிமாராகிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்பார்க்கு மகனாய்ப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946ஆம் ஆண்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராய் வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் குறைந்துபோவது ஏன் என ஆராய்ந்தார். நோயால் தசை தானே அழுகி உதிர்கின்றது என்பதே அந்நாளிற் பரவிய எண்ணம். அவரோ, நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்குவதையும், வலியறியாத கை சூடான கலத்தாலும் கூரிய கருவியாலும் மீண்டும் மீண்டும் புண்பட்டு அழிவதையும் கண்டார். காரணம் தெளிவானமையின் காக்கும் வழியும் தெளிவாயிற்று: கைகால்களை நாள்தோறும் உற்றுநோக்குதலும், தக்க காலணி அணிதலும் அங்கங்களைக் காத்தன.

கணினி உலகிலும் அண்மையில் ஒரு சான்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் சிலவற்றை உடையார், கிராபிக்ஸ் நினைவகம் போதாது என்னும் செய்தி தோன்றி விளையாட்டு வீழ்வதைக் கண்டனர். செய்தி கிராபிக்ஸ் கார்டைச் சுட்டியது. குற்றமோ பிராசசரில் இருந்தது. மைக்ரோகோடு என்னும் உள்நிரற் பிழையாற் பிராசசர் அளவிற்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டமையே காரணமென 2024 ஜூலையில் இன்டெல் அறிவித்தது; ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது; உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டியது. முன்னரே நலிந்த பிராசசரை அத்திருத்தம் மீட்காது, மாற்றிக்கொள்ளுதலே வழி. செய்தியை மட்டும் நம்பிப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவார்க்குப் பொருளும் போம், நோயும் நிற்கும்.

மூன்றாவது, தணிக்கும் வழி. நலிந்த பட்டையை நீக்கி, மற்றைப் பட்டையோடு மட்டும் பத்து நாள் ஓட்டினோம். ஒருமுறையேனும் பொறி வீழ்ந்திலது. கடை இரசீதை இளவல் பேணி வைத்திருந்தமையின், உத்தரவாதத்தின்படி வேறொரு பட்டை மூன்று வாரத்திற் கிடைத்தது. செலவு அஞ்சற்கூலி மட்டுமே. புதியதென்று நம்பிவிடாமல் அதனையும் ஓரிரவு சோதித்த பின்னரே பூட்டினோம். நலிந்த ராம் இருந்த காலத்து எழுதப்பட்ட கோப்புகளும் சிதைந்திருத்தல் கூடுமாதலின், அவன் பாடக்குறிப்புகளை ஒவ்வொன்றாய்த் திறந்து நோக்கி நகலெடுத்து வைத்தோம்.

மாணவ நண்பர்காள்! கை வைக்குமுன் எழுதுக. ஒரு வேளைக்கு ஒன்றே மாற்றுக. திரை கூறும் பெயரைச் சான்றாகக் கேட்க, தீர்ப்பாகக் கொள்ளற்க. பொருள் செலவிடுமுன் உறுப்பைப் பெயர்த்து வைத்துச் சோதிக்க. இந்நான்கும் எமக்கு ஒரு குடும்பத்தின் மன அமைதியைத் தேடித் தந்தன.

யாம் மலையிறங்கிய நாளிற் சிற்றப்பனார் ஒரு சிறு பொதி மிளகு தந்தார். பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்த இளவல், "அண்ணா, அந்தக் குறிப்பேட்டைத் தருவீர்களா? பக்கத்து ஊரில் இன்னொருவர் கணினியும் இப்படித்தான் விழுகிறதாம்" என்றான். மகிழ்வுடன் அவன் கையிற் கொடுத்து வந்தோம்.