தக்காளி ஏன் பாதிதான் சிவக்கிறது?



போன கோடை விடுமுறையில் ஏனாத்தூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அம்மா வைத்த பத்துத் தக்காளிச் செடியும் காய்த்துத் தள்ளின. ஆனால் ஒரு பழம்கூட முழுசாகச் சிவக்கவில்லை. அடிப்பக்கம் மஞ்சள், காம்புப் பக்கம் பச்சை. "நோய் வந்துடுச்சுடா, எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடலாம்" என்றார் அம்மா. "ரெண்டு நாள் இரும்மா" என்று சொல்லிவிட்டு விஷயத்தைத் தேடிப் படித்தேன். அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் காரணம், வெப்பம். தக்காளிக்குச் சிவப்பு தருவது லைக்கோபீன் என்ற நிறமி. அது நன்றாக உருவாக 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினால் அதன் உற்பத்தி குறையும். மஞ்சள் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகும். நம்ம பக்கம் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தொடும். நேர் வெயில் படும் பழம் காற்றைவிட இன்னும் சூடாகும். அப்புறம் எப்படிச் சிவக்கும்?

இரண்டாவது, ரகம். எங்கள் வீட்டில் இருந்தது பி.கே.எம்.1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம். காயின் தோளில் பச்சை இருப்பது அதற்குப் பிறவிக்குணம். 2012-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. சீராகப் பழுக்கும்படி தேர்ந்தெடுத்த ரகங்களில் ஒரு மரபணு வேலை செய்வதில்லை. அதனால் காயில் பச்சையமும், பழத்தில் சர்க்கரையும் குறைகின்றன என்கிறது அது. ஆக, பச்சைத் தோள் குறையே அல்ல!

மூன்றாவது, மண்ணில் சாம்பல் சத்துக் குறைவு. இதனாலும் திட்டுத் திட்டாகப் பழுக்கும்.

தோலில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அது வெயில் சுட்ட காயம். அடியில் கறுத்து அமுங்கினால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போய்ச் சேரவில்லை. தண்ணீரை ஒருநாள் குடம் குடமாகவும் மறுநாள் மறந்தும் விடுவதே பெரும்பாலும் காரணம். இவை எதற்கும் பூச்சி மருந்து தேவையில்லை.

செய்ய வேண்டியவை:

1. காயை மூடும் இலைகளைக் கிள்ளாதீர்கள்.
2. மதிய வெயிலுக்குப் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டுங்கள்.
3. தண்ணீரை அளவாக, தவறாமல் விடுங்கள்.
4. லேசாக நிறம் மாறியதுமே பறித்து, நிழலான அறையில் வையுங்கள். பழுக்க வெளிச்சம் வேண்டியதில்லை.

கார்பைடு கல் பக்கம் மட்டும் போகாதீர்கள். வெல்டிங்குக்கு அசிட்டிலீன் தரும் அதே கல்தான். பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட வைத்தாலே போதும், அதிலிருந்து வரும் எத்திலீன் வேலையைச் செய்துவிடும்.

நாங்களும் அப்படியே செய்தோம். ஒரு வாரத்தில் கடைத் தக்காளி அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே சிவந்தன. ரசம் வைத்த அம்மா சொன்னது: "நல்லவேளை, புடுங்கல!"

தோழர்களே, மெஷின் ஓடவில்லை என்றால் உடனே கழற்றி எறிகிறோமா? காரணம் தேடுகிறோம் அல்லவா? செடிக்கும் அதே நியாயம்தான்.