வயது ஏற ஏற வலுக்கும் பாலம்

அன்புள்ள மகிழினிக்கு,

கட்டடக்கலை படிக்கச் சேர்ந்துவிட்டாய். மகிழ்ச்சி. சிமெண்டையும் கம்பியையும் பற்றி உன் ஆசிரியர்கள் நிறையச் சொல்லித் தருவார்கள். உயிருள்ள மரத்தையே பாலமாக்கிய மக்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

மேகாலயாவின் தென்சரிவுகளில் காசி, ஜைந்தியா பழங்குடியினர் வாழ்கிறார்கள். அங்கே சிரபுஞ்சியில் ஆண்டுச் சராசரி மழையே 11,000 மில்லிமீட்டருக்கு மேல். அந்த ஈரத்தில் மூங்கில் பாலம் சில ஆண்டுகளில் இற்றுப்போகும், இரும்பு துருவேறும். ஆகவே ஓடைக்கரையில் ரப்பர் மரத்தை வளர்த்தார்கள். பால் எடுக்கும் ரப்பர் மரம் இல்லை. நம் வீடுகளில் அழகுக்காகத் தொட்டியில் வைக்கிறோமே, அது. ஆலமரத்தின் இனம்.

ஆலைப் போலவே இதுவும் விழுது விடும். இளம் விழுதுகளை மூங்கில் சாரத்தின்மேலோ, குடைந்த கமுகுத் தண்டின் வழியாகவோ அக்கரைக்குச் செலுத்துகிறார்கள். அங்கே அவை மண்ணில் இறங்கிப் பருக்கத் தொடங்கும். புதிய வேர்களை அவற்றோடு சேர்த்து முடைவார்கள். நெருக்கிப் பிணைத்த வேர்கள் நாளடைவில் ஒட்டி ஒன்றாகிவிடும். இடைவெளிகளில் கல் பரப்பினால் நடைதளம் தயார். ஆள் நடக்கும் பக்குவத்துக்கு வர 15 முதல் 30 ஆண்டுகள்கூட ஆகலாம். நோங்ரியாட் கிராமத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஈரடுக்குப் பாலமே இருக்கிறது.

நாம் கட்டும் பாலத்துக்கு வயதானால் தேய்மானம். இதற்கோ வயதுதான் வலு. ஆனால், தானாக வருவதில்லை அந்த வலு. தளர்ந்த வேரைக் கட்டுவதும், புது வேரைத் திருப்பிவிடுவதும் தலைமுறை தலைமுறையாக ஊரார் செய்யும் வேலை. பராமரிப்பு நின்றால் பாலமும் நலியும்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் லுட்விக் குழுவினர் இந்தப் பாலங்களை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் நாகோல்ட் நகரில் மரங்களை ஒட்டவைத்து வளர்க்கும் கட்டடம் ஒன்றை 2012இலேயே அவர் உருவாக்கியிருந்தார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2022இல் வேர்ப்பாலங்கள் இடம்பெற்றன.

நெடுஞ்சாலைக்கு வேர்ப்பாலம் உதவாது, அவசரத்துக்கும் உதவாது. ஆனால், உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலால் வருகிறது. ஒரு நடைபாதைக்கும் நிழற்கூரைக்கும்கூட அதையேதான் நாட வேண்டுமா?

மகிழினி, எதை வரைந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேள்: முப்பது ஆண்டு கழித்து இது தளருமா, வலுக்குமா? அதுவரை இதை யார் பேணுவார்கள்? இரண்டுக்கும் விடை தெரிந்தபின் கட்டு.

அன்புடன்,
சித்தப்பா