எவ்வளவு ஆற்றல் என்பதல்ல, எங்கே என்பதே

ஜொகூர் பாருவில் எம்82 விண்மீன் திரள் வடக்கு அடிவானத்திலிருந்து 22 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. என்ஜிசி 253 திரள் தெற்கே 63 பாகை வரை வரும். இரண்டிலிருந்தும் பல லட்சம் கெல்வினுக்கு மேல் சூடான வாயு காற்றாகப் பீறிட்டு வெளியேறுகிறது. எம்82-இன் நடுவில் அது 3 முதல் 8 கோடி கெல்வின் வரை இருக்கும் என்பது கணிப்பு. அதன் எக்ஸ் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாண்டாதவை. எனவே ஜொகூர் பாருவின் விளக்கொளியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரில் 1999 முதல் சுற்றிவரும் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் தரவு யாருக்கும் கிடைக்கும். சிக்கலெல்லாம், சூப்பர்நோவா வெடிப்புகள் கிளப்பும் இந்தக் காற்றின் கணினி மாதிரியில்தான்.

இத்தகைய மாதிரிகளோடு பழகியதில் எனக்குத் தெளிவானது இது: எவ்வளவு ஆற்றல் என்பதைவிட, அதை எங்கே கொட்டுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரு சூப்பர்நோவாவுக்கு 10^44 ஜூல் என்று எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். ஆனால் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு உள்ள வாயுவில், மாதிரியின் 100 பார்செக் அகலக் கட்டம் ஒன்றுக்குள் அதைக் கொட்டினால் வெப்பநிலை ஒரு லட்சம் கெல்வின் அளவோடு நின்றுவிடும். வாயு மிக வேகமாக ஒளியாய்க் கதிர்த்துக் குளிர்வது அந்தச் சூட்டில்தான். கடலில் கரைத்த பெருங்காயம்! ஆற்றல் கணக்கு ஒரு ஜூல்கூடப் பிசகாது. காற்று மட்டும் வீசாது. ஆகவே, கணினியைத் தொடும் முன்பே, நீங்கள் எடுத்துக்கொண்ட அடர்த்தியில் வெடிப்பின் எச்சம் எந்த ஆரத்தில் குளிரத் தொடங்கும் என்று தாளில் போட்டுப் பாருங்கள். அந்த ஆரத்துக்குள் பல கட்டங்கள் அடங்க வேண்டும்.

பிரதீக் சர்மா, அர்பிதா ராய், பிமன் நாத், யூரி ஷெகினோவ் ஆகியோரின் 2014 ஆய்வு இதற்கு நல்ல சான்று. தனித்தனியே வெடிக்கும் சூப்பர்நோவாக்கள் பத்து லட்சம் ஆண்டுக்குள் இயந்திர ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் இழக்கின்றன. ஒரே இடத்தில் அடுத்தடுத்து வெடித்தால் 40 விழுக்காடு வரை மிஞ்சுகிறது. வானியலாளர்கள் செவாலியரும் கிளெக்கும் 1985-இல் சூத்திரமாக எழுதிய சீரான காற்றுக்கோ பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வெடிப்புகள் வேண்டும். சிறு விண்மீன் கொத்துக்கு அந்தச் சூத்திரத்தைப் போடுவது பொருந்தாது.

குளிர்தலைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, எம்82-உடன் ஒத்துப்போகும் வரை திருகினால் போதாதா என்பார்கள். பேரண்ட அளவிலான மாதிரிகளில் இப்படி ஏதாவது செய்யத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காற்று நாம் வைத்தது, விளைந்ததல்ல. என்ஜிசி 253-க்கும் அது பொருந்தும் என்று சொல்ல அதற்குத் தகுதி கிடையாது. அந்த 2014 கணக்கு ஒரு பரிமாணத்தில் போட்டதுதானே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. சூடும் குளிரும் கலக்கும் எல்லையில் மேலும் இழப்பு உண்டு என்பதால் 40-ஐ உச்சவரம்பாகவே நான் கொள்கிறேன். காற்றின் நிறையில் பெரும்பங்கு குளிர்ந்த வாயுவிடம் இருக்கிறதே என்றால், ஆற்றலில் பெரும்பங்கைச் சுமப்பது சூடான வாயு. அதனால் முடிவைச் சோதிக்கக் கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டும்போது படங்களை ஒப்பிடாதீர்கள். வெளியேறும் ஆற்றலின் அளவை ஒப்பிடுங்கள்.