அல்லிராணிக் கோட்டைக்குப் போய் வாருங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாய்மரக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றி, தீவு தீவாய் இறங்கி, கிரேக்கர் விட்டுப்போன இடிபாடுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுந்துச் சம்பளத்தில் அது ஆகுமா என்று நான் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க லயத்தில் ஆளிருக்கிறது.

அதற்கு முன் மன்னாருக்கு ஒருமுறை போய் வாருங்கள். அரிப்புக் கடற்கரையில் கிரேக்கப் பாணியில் கட்டிய மாளிகை ஒன்று இடிந்து நிற்கிறது. கட்டியவர் இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி மேற்பார்வை பார்க்க, 1800களின் தொடக்கத்தில் எழுப்பினார். செங்கல் சுவருக்குச் சிப்பி சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. சலவைக்கல் போல மினுங்கியதாம். மனுஷருக்குக் கிரேக்கப் பித்து. இங்கே வருமுன்பே கோர்ஃபு தீவில் கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். 1824இல் அதே தீவில் ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்கினார்.

ஊர்ச்சனத்துக்கு நோர்த்தைத் தெரியாது. அர்ச்சுனனைப் பாடாய்ப்படுத்திய அல்லிராணியின் கோட்டை என்பார்கள். பஸ்ஸிலும் அந்தப் பெயரையே சொல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் பொல்லாதது. கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பிந்தினால் பார்க்க மிச்சமிருக்குமோ என்னவோ.

திருக்கேதீச்சரத்துக்கும் போங்கள். கோயிலையொட்டிய மாந்தைத் துறைமுக மேட்டை 1980களில் தோண்டியபோது சீனப் பீங்கானும் அரபு நாட்டு மண்பாண்டமும் கிடைத்தன.

ஆனால் உங்களை நான் அந்தப் பக்கம் அனுப்புவதற்குக் காரணம் வேறு. கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு நம்மவர்கள் தோணியில் வந்து இறங்கியது இதே மன்னார்க் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைவரை நடை. பேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், நம்மவர்கள் வந்து இருநூறு ஆண்டு என்று ‘மலையகம் 200’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துபோனார்களே, அது இந்தப் பாதையை நினைத்துத்தான். ஆளுநர் மாளிகையின் தூணுக்குப் படமும் புத்தகமும் உண்டு. அன்று நடந்துவந்த நம்மவர்கள் சமைத்துத் தின்ற இடத்தில் ஓர் அடுப்புக்கல்கூட அடையாளம் சொல்ல முடியாது.

தலைமன்னார்ப் பழைய துறையையும் பார்த்துவிடுங்கள். 1914 முதல் தனுஷ்கோடிக் கப்பல் வந்துநின்ற இடம் அது. 1964 புயல் அக்கரையில் தனுஷ்கோடியையே கொண்டுபோயிற்று. உங்கள் பூட்டன் வந்தது தோணியிலா, கப்பலிலா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஸ்பிரிங்வெளியிலிருந்து உங்கள் அண்ணன்