சீனாவில் கையில் காசு இருந்தால் போதாதா?

சீனாவுக்குப் புறப்படுகிறவர்களுக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி காலாவதியானவை, மீதி அரைகுறை. குவாங்சோவின் கான்டன் கண்காட்சிக்குப் போகும் திருப்பூர்க்காரர், ஈவூ மொத்தச் சந்தைக்குப் போகும் சென்னைக் கடைக்காரர், அங்கே மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் என எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே பணம் எப்படிக் கொடுப்பது?" அலிபே, வீசாட் பே என்ற இரண்டு செயலிகளில் அன்றாட வாழ்க்கையே ஓடும் நாடு அது. ஆகவே கேள்வி நியாயமானது. கிடைக்கும் பதில்களில்தான் கோளாறு.

நம்பிக்கை: அங்கே ரொக்கம் செல்லாது.

செல்லும். சீன மக்கள் வங்கிச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நாட்டுக்குள் யுவானில் கொடுக்கும் பணத்தை எந்த நிறுவனமும் தனிநபரும் மறுக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் மறுப்பு நடந்தது. அதில் முதலில் அடிபட்டவர்கள் அந்நாட்டு முதியவர்களே. 2020 நவம்பரில் ஹூபெய் மாகாணத்தில், மருத்துவக் காப்பீட்டுத் தொகையைக் கட்ட மழையில் வந்த ஒரு மூதாட்டியிடம் ரொக்கம் வாங்க முடியாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காணொளி நாடு முழுக்கப் பரவியது. அதிகாரிகள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த மாதமே மத்திய வங்கி ரொக்க மறுப்புக்கு எதிராகத் தனி அறிவிப்பு வெளியிட்டது. அதன்பின் ரொக்கத்தை மறுத்த கடைகள், நிறுவனங்களுக்கு அபராதமும் விதித்துவருகிறது. ஸ்மார்ட்போன் பழகாத முதியவர்களுக்காக எழுந்த அந்தக் கோபம்தான் இன்று வெளிநாட்டுப் பயணிக்கும் துணை நிற்கிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் சட்டம் இருந்தாலும் கல்லாப்பெட்டியில் சில்லறை இருக்க வேண்டுமே! 18 யுவான் நூடுல்ஸுக்கு 100 யுவான் நோட்டை நீட்டினால் கடைக்காரர் உண்மையாகவே திண்டாடுவார். நாள் முழுக்க ஒரு நோட்டைக்கூடப் பார்க்காத கடைகள் அங்கே ஏராளம். எனவே 5, 10, 20 யுவான் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு வைத்து பாங்க் ஆஃப் சைனா போன்ற பெரிய வங்கிகளின் ஏடிஎம்களில் பணம் எடுக்கலாம். தானியங்கி விற்பனை இயந்திரங்களிலும் ஆளில்லாக் கடைகளிலும் மட்டும் நோட்டை நம்பாதீர்கள்.

நம்பிக்கை: சீன வங்கிக் கணக்கு இல்லாமல் அலிபே வேலை செய்யாது.

ஒருகாலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள். 2019 நவம்பரில் கதவு கொஞ்சம் திறந்தது. 2023 ஜூலையில் நன்றாகவே திறந்தது. விசா, மாஸ்டர்கார்டு, ஜேசிபி, டைனர்ஸ் கிளப், டிஸ்கவர் கார்டுகளை நேரடியாக இணைக்கலாம் என்றானது. 2024 மார்ச்சில், ஒரு பரிவர்த்தனைக்கான உச்சவரம்பை 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராகவும், ஆண்டுக்கான வரம்பை 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராகவும் உயர்த்தினார்கள். சாதாரணப் பயணிக்கு இது தாராளம். ஆனால் இந்தியாவில் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று; அதே ஆண்டு செப்டம்பரில் அலிபேயும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. எனவே இங்கிருந்து போகிறவர்கள் செயலி கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: அங்கேயும் க்யூஆர் கோடு, இங்கேயும் க்யூஆர் கோடு. நம் ஜிபே போதும்.

போதாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பின்னால் பணம் ஓடும் வலையமைப்பு வேறு. சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, நேபாளம், பூடான், மொரீஷியஸ், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் யுபிஐ ஏதோவொரு அளவில் ஏற்கப்படுகிறது. சீனா அந்த வரிசையில் இல்லை. மலேசியத் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்கள் உள்ளூரில் பயன்படுத்தும் டச் அண்ட் கோ வாலட்டே அலிபே கோடை ஸ்கேன் செய்யும்.

நம்பிக்கை: கார்டை இணைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

பெரும்பகுதி முடிந்தது, அவ்வளவுதான். மெட்ரோவும் டிடி டாக்சியும் அலிபேக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் வெளிநாட்டுக் கார்டை வைத்துத் தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது. தெருவோரத்தில் பழம் விற்பவர் தன் சொந்தக் கணக்கின் கோடை மாட்டி வைத்திருந்தால் உங்கள் பணம் போகாமல் நிற்கலாம். அங்கேதான் அந்தப் பத்து யுவான் நோட்டு கைகொடுக்கும். ஈவூவில் சரக்கெடுக்கும் வியாபாரிகளும் கவனிக்க வேண்டும்: இந்த வசதி சாப்பாடு, போக்குவரத்து, சொந்தச் செலவுகளுக்கானது. இறக்குமதிச் சரக்குக்கான பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

கட்டணத்தையும் பலர் தவறாகவே சொல்கிறார்கள். 200 யுவான் வரையிலான செலவுக்குச் செயலி எதுவும் பிடிப்பதில்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம். 900 யுவான் ஓட்டல் பில்லுக்கு 27 யுவான் கூடுதலாகப் போகும். கார்டை நேரடியாகத் தேய்க்கும் வசதி ஓட்டலில் இருந்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது. நம் வங்கி வசூலிக்கும் அந்நியச் செலாவணி மார்க்அப் எப்படியும் தனி.

நம்பிக்கை: சீனாவில் இறங்கியபின் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

இதுதான் மிக அதிகம் பேரை மாட்டிவிடுவது. தடங்கல் பெரும்பாலும் சீனாவில் இல்லை, நம் பக்கத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபரிலிருந்து புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும் நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆன்லைன் பரிவர்த்தனையையும் நாமேதான் இயக்க வேண்டும். கார்டை இணைக்கும்போது ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் இல்லாமல் சிம்மைக் கழற்றி வைத்தவருக்கு அது வந்துசேராது. சில வங்கிகள் முதல் முயற்சியைச் சந்தேகத்தின்பேரில் நிறுத்தியும் விடும். ஆகவே செயலி இங்கே கிடைத்தால், இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை வீட்டில் இருக்கும்போதே இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுவது நல்லது.

போன் அணைந்தால் பர்ஸும் மூடிவிடும் என்பதால் பவர் பேங்க் கட்டாயம். ஆனால் 3சி என்ற சீனக் கட்டாயத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கைச் சீன உள்நாட்டு விமானங்களில் கொண்டுபோக 2025 ஜூன் 28 முதல் தடை உண்டு. இங்கே வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் சீனக் கடைகளில் பவர் பேங்க் வாடகைக்குக் கிடைக்கும். அதையும் அலிபேயில் ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும் என்பதால், போன் முழுக்க அணையும்வரை காத்திருக்காதீர்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் கார்டுகளையும் உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் அவர்கள் பிரிந்துபோனால் ஒரு டாக்சி பிடிக்கவாவது அவர்கள் கையில் பணம் இருக்க வேண்டும். ஆளுக்கு இருநூறு யுவானைச் சிறு நோட்டுகளாகவும், ஓட்டல் முகவரியைச் சீன எழுத்தில் எழுதிய ஒரு சீட்டையும் அவர்களிடம் கொடுத்துவையுங்கள்.