காதில் இரைச்சல்: ஹெட்போன் சொல்லும் சேதி



இந்த மாதப் பயிற்சிப் பாடம் ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குகிறது. லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டினால் காதில் கேட்கும் 'கரகர' சத்தம். "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று நினைக்க வேண்டாம். இந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டதால் நமக்கு என்ன நஷ்டம் வந்தது, கவனித்ததால் என்ன ஆபத்து தப்பியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

நம் மலையிலிருந்து ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அதனால் பல கூட்டங்களை ஜமுனாமரத்தூரில் உள்ள அலுவலக லேப்டாப்பிலேயே கேட்கிறோம். சாமையில் உமி நீக்கும் இயந்திரம் வாங்குவதற்கான கடன் பற்றிய கூட்டத்தையும் அப்படித்தான் கேட்டோம். வெளியே நல்ல மழை. உள்ளே ஆட்கள் பேச்சு. கணக்கு எழுதும் சகோதரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் குறிப்பு எழுதினார்.

"பேப்பரை இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணுமாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் அவர்கள் சொன்னது பதினைந்தாம் தேதி! முன்பாதி இரைச்சலில் போய்விட்டது, பின்பாதி மட்டும் காதில் விழுந்தது. நாம் காகிதங்களோடு போனபோது அந்தச் சுற்று முடிந்துவிட்டது. அந்த அறுவடைச் சாமையை உமியோடே வியாபாரியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வைத்ததைப் பழையபடி உரலில் குத்தினோம்.

அடுத்த கூட்டத்தில், "படிச்ச பொண்ணு, இதுகூட காதுல விழலையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அந்தச் சகோதரி அழுதுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வாரமா சொல்றேங்க்கா, காதுல கொர்ர்னு கேட்குது, லேப்டாப்பைத் தொட்டா சுர்ருனு இருக்குதுன்னு. யாரு கேட்டீங்க?"

உண்மைதான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொன்னது நாங்கள்தான். தப்பு அவர் மேல் இல்லை. அன்றுதான் இரைச்சலுக்குக் காரணம் தேட உட்கார்ந்தோம்.

முதலில் சத்தத்தைப் பிரியுங்கள்

வயிற்று வலி என்று போனால் நர்சம்மா என்ன கேட்பார்? எங்கே வலி, எப்போது வலி, எப்படி வலி? அதேபோல் சத்தத்தையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் நான்கு வகைதான்.

1. 'கரகர, டப்டப்': ஒயரை அசைத்தால் கூடும், குறையும். ஒயரிலோ முனையிலோ கோளாறு.

2. 'ம்ம்ம்' அல்லது 'கொர்ர்' என்று விடாமல் கேட்பது: சார்ஜர் மாட்டியிருக்கும்போது வந்தால் கரண்ட் வழியாக வரும் சத்தம்.

3. 'ஸ்ஸ்ஸ்' என்று தூறல் போலக் கேட்பது: செட்டிங்கிலோ லேப்டாப்பின் சவுண்ட் பகுதியிலோ காரணம் இருக்கலாம்.

4. பேச்சு விட்டு விட்டு வருவது, ரோபோ போலக் கேட்பது: இது ஹெட்போன் குற்றமே இல்லை. நெட் சிக்னல் குறைவு. இதற்காகப் புது ஹெட்போன் வாங்கினால் காசு தண்டம்.

காசு செலவில்லாத ஐந்து சோதனைகள்

ஒன்று: மாற்றிப் பாருங்கள். அதே ஹெட்போனை ஒரு செல்போனில் மாட்டிக் கேளுங்கள். அங்கேயும் கரகர என்றால் ஹெட்போன் கெட்டுவிட்டது. அங்கே நன்றாகக் கேட்டால் வேறொரு ஹெட்போனை லேப்டாப்பில் மாட்டுங்கள். அதிலும் சத்தம் வந்தால் கோளாறு லேப்டாப் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு: முனையைப் பாருங்கள். மாட்டும் பின்னில் அழுக்கு, பச்சைப் பாசி போன்ற களிம்பு இருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஓட்டைக்குள் பஞ்சு, தூசி சேரும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம். பிறகு 'டக்' என்று உட்காரும் வரை முழுதாக அழுத்திச் செருகுங்கள். பின்னில் மூன்று கருப்பு வளையம் இருந்தால் அது மைக் சேர்ந்த ஹெட்போன். பழைய லேப்டாப்பில் மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு ஓட்டை இருக்கும். அதில் இந்தப் பின் சில நேரம் சரியாகப் பொருந்தாது. கேட்க முடிந்தாலும் நாம் பேசுவது அந்தப் பக்கம் போகாது.

மூன்று: செல்போனைத் தள்ளி வையுங்கள். போன் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு ரேடியோவில் 'டிடிக் டிடிக்' என்று கேட்டது நினைவிருக்கிறதா? டூஜி போன் அலைகளை விட்டு விட்டு அனுப்பும். அதைப் பக்கத்தில் உள்ள ஒயர் பிடித்துக்கொள்ளும். டவர் தூரமாக இருந்தால் போன் இன்னும் பலமாக அலையை அனுப்பும். நம் ஊர்களில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பட்டன் போனை மூன்று நான்கு அடி தள்ளி வைத்தாலே போதும்.

நான்கு: செட்டிங்கைப் பாருங்கள். சவுண்ட் செட்டிங்கில் 'மைக் பூஸ்ட்' அதிகமாக இருந்தால் நம் அறையின் காற்றாடிச் சத்தம்கூடப் பெரிதாகிவிடும். குறைத்து வையுங்கள். 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்பதில் டிக் இருந்தால் நம் மைக் சத்தமே நம் காதில் திரும்பி வரும். டிக்கை எடுத்துவிடுங்கள். 'என்ஹான்ஸ்மென்ட்' என்று இருப்பதையும் நிறுத்திப் பாருங்கள். சாப்ட்வேர் அப்டேட் ஆன பிறகு திடீரென்று சத்தம் ஆரம்பித்தால், சவுண்ட் டிரைவரைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். இதைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள், செய்து தருவார்கள்.

ஐந்து: சார்ஜரைக் கழற்றுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. சத்தம் வரும்போது சார்ஜரை லேப்டாப்பிலிருந்து எடுங்கள். சத்தம் சட்டென்று நின்றுவிட்டதா? அப்படியானால் ஹெட்போனும் லேப்டாப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. சத்தம் சார்ஜர் வழியாக வருகிறது.

நம் அலுவலகத்தில் இந்த ஐந்தாவது சோதனையில்தான் விடை கிடைத்தது. சார்ஜரை எடுத்ததும் காது அமைதியானது. மாட்டினால் மறுபடி 'கொர்ர்'.

சார்ஜருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். லேப்டாப்புக்குத் தேவை 19, 20 வோல்ட் அளவுதான். சார்ஜர் அதைக் குறைத்துத் தரும்போது மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். மூன்று பின் உள்ள சார்ஜரில் அந்தக் கசிவு பெரிய பின் வழியாக எர்த்துக்குப் போய் மண்ணில் இறங்கிவிடும். அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக, தடிமனாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எர்த் இல்லாவிட்டால் கசிவு எங்கே போகும்? லேப்டாப் உடம்பில் நிற்கும். திருகாணியையோ தகட்டையோ தொட்டால் 'சுர்ர்' என்று இருக்கும். ஹெட்போன் ஒயரிலும் ஏறி இரைச்சலாகக் கேட்கும்.

இந்தக் கசிவு மட்டும் உயிருக்கு ஆபத்து செய்கிற அளவு இல்லை. ஆனால் அது சொல்லும் சேதி பெரிய சேதி: 'இந்தக் கட்டடத்தில் எர்த் வேலை செய்யவில்லை.'

உரிமம் உள்ள ஒயர்மேனை அழைத்துப் பார்த்தோம். கட்டடத்துக்குப் பின்னால் எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. அந்த எர்த்தில்தான் பின் அறையில் உள்ள நம் மாவு மிஷின் மோட்டாரும் இணைந்திருக்கிறது! ஈரக்கையோடு, வெறுங்காலோடு தினமும் அங்கே நம் சகோதரிகள் நிற்கிறார்கள். மோட்டாருக்குள் ஒரு ஒயர் தேய்ந்து இரும்பு உடம்பில் பட்டால், எர்த் இருந்தால் பியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பியூஸ் போகாது. மிஷினின் உடம்பு முழுவதும் கரண்டோடு, முதலில் யார் தொடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும்.

அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஹெட்போன் சத்தம் அல்லவா காட்டிக் கொடுத்தது!

எர்த் பற்றி மறக்கக் கூடாதவை

மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் செருகாதீர்கள். உடைந்தது பின் இல்லை, நம் பாதுகாப்பு.

நம் மண்ணில் பாறை அதிகம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் சரியாக வேலை செய்யாது. குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பியின் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. தொடுவது ஒயர்மேன் வேலை.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற ஸ்விட்ச் போட்டால், ஆள் மேல் கரண்ட் பாய்ந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். சாதாரண டிரிப்பர் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் எர்த் வேண்டும்.

இரண்டு பின் சார்ஜரில் எர்த் இணைப்பே கிடையாது. அதில் லேசாக 'சுர்ர்' இருந்தால் மட்டும் வீட்டில் எர்த் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒயர்மேனைக் கேளுங்கள். ஷாக் பலமாக அடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கம்பத்திலோ சர்வீஸ் ஒயரிலோ பழுது என்றால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. 24 மணி நேரமும் புகார் சொல்லலாம்.

தெரிந்து கொள்வோம்

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கடல் கடந்து ரேடியோ மூலம் பேசும்போது இரைச்சல் வருகிறது, காரணம் கண்டுபிடி என்றார்கள். அவர் முதலில் சத்தத்தைப் பிரித்தார். ஒன்று பக்கத்து இடி மின்னல். இன்னொன்று தூரத்து இடி மின்னல். மூன்றாவதாக மெல்லிய 'ஸ்ஸ்' ஒன்று மிஞ்சியது. அது பால்வீதி விண்மீன் கூட்டத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். ரேடியோ வானியல் என்ற படிப்பே அதிலிருந்து பிறந்தது. நம் ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு பெரிய தொலைநோக்கியும் இதே பாடம்தான் சொல்கிறது. நட்சத்திர ஒளி கலங்காமல் தெரிய வேண்டும் என்றுதான் ஊர் விளக்குகளுக்குத் தள்ளி மலையில் இடம் தேடினார்கள். வேண்டியது தெளிவாகக் கிடைக்க, வேண்டாதது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியது

கூட்டத்துக்கு முன்பே லேப்டாப்பை முழுதாக சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சில இன்வெர்ட்டர்களில் ஓடும்போதும் சார்ஜர் வழியாக இரைச்சல் வரும். அதற்கும் இதுவே வழி. ஸ்பீக்கர் பெட்டி இணைத்தால் அதையும் லேப்டாப்பையும் ஒரே பிளக் பாயின்டில் எடுங்கள். இடி மின்னல் நேரத்தில் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இரைச்சலை அமுக்க சவுண்டைக் கூட்டாதீர்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் கூடக் கூட நேரத்தைக் குறைக்க வேண்டும். காது போனால் கடையில் கிடைக்காது.

தேதி, தொகை, வட்டி, இந்த மூன்றையும் கேட்டவுடன் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். "சார், பதினைந்தா? ஒன்று ஐந்தா?" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் கேட்டு, இரண்டு பேரும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்மில் ஒருத்தி "ஏதோ சரியில்லக்கா" என்று சொன்னால், அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லாமல் எழுந்து போய்ப் பார்ப்போம். இதை எங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சகோதரியிடம் கூட்டத்திலேயே வருத்தம் தெரிவித்தோம். இப்போது எர்த் சரியாகிவிட்டது, காதும் அமைதி. இயந்திரக் கடனுக்கு அடுத்த சுற்றில் மனு கொடுத்திருக்கிறோம். தேதியை மூன்று பேர் எழுதினோம்!

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில், அங்கன்வாடியில், மாவு மிஷினில் எர்த் இருக்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

2. பெரிய பின் உடைந்த பிளக் எத்தனை வீட்டில் இருக்கிறது? எண்ணி வாருங்கள்.

3. உங்கள் குழுவில் யாராவது சொன்ன குறையைக் கேட்காமல் விட்டது உண்டா? அதனால் என்ன ஆயிற்று?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து ஒயர்மேனை அழைத்தால் செலவும் குறையும், பயமும் குறையும்.