ஜெல் தட்டும் குச்சிக்கிழங்கு இலையும்

'ஜெல் பிளேட் பிரிண்டிங்' என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அமெரிக்கக் கம்பெனித் தட்டு 2011-இல் கடைக்கு வந்தது உண்மைதான். ஆனால் இதற்குத் தாத்தா 19-ஆம் நூற்றாண்டின் ஹெக்டோகிராஃப். ஊதா மையால் எழுதிய தாளை ஜெலட்டின், கிளிசரின் கலந்த தட்டில் அமுக்கி, ஐம்பது பிரதி வரை எடுத்தார்கள். பெயரில் 'நூறு' இருக்கிறது. நூறு தேறுவது கஷ்டம்!

எங்கள் வீட்டில் தலையணை உறைக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறோம். விலைபோகாத டிசைனுக்கு ஒரு ஸ்கிரீன் போட்டால் அந்த வாரக் கூலி போச்சு. ஆகவே முதலில் ஜெல் தட்டில் மாதிரி எடுக்கிறேன். அப்பாவும் வியாபாரியும் தாளைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஸ்கிரீன்.

தட்டு செய்ய 50 கிராம் ஜெலட்டினை 200 மி.லி. தண்ணீரில் ஊறவைத்து, 200 மி.லி. கிளிசரின் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். கொதிக்கக் கூடாது. டிரேயில் ஊற்றி, நுரையைக் காகித விளிம்பால் ஒதுக்கி, ஒரு ராத்திரி விடுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். (ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து வருவது, சைவக்காரர்கள் தெரிந்துகொள்ளவும்.)

இனி கருவிகள். அக்ரிலிக் பெயின்ட்டை ரோலரால் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். தடித்தால் எந்த அடையாளமும் நிற்காது. உடைந்த பிளாஸ்டிக் சீப்பை இழுத்தால் அலை. பேனா மூடியை ஒற்றினால் வட்டம். சாக்குத் துண்டை அமுக்கி எடுத்தால் இழை இழையாக நெசவு விழும், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தறிப் பண்ணையின் எஃகுப் பல் மட்டும் வேண்டாம், தட்டைக் கிழித்துவிடும். கிழிந்தாலும் பரவாயில்லை, உருக்கி மறுபடி ஊற்றலாம்.

இலைக்கு வருவோம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டுக்கா பஞ்சம்? விரல் விரித்த கை மாதிரியான இலை. பாலைத் துடைத்து, புத்தகத்துக்குள் ஒரு மணி நேரம் வைத்துத் தட்டையாக்குங்கள். நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் பெயின்ட்டில் படும்படி வைத்து, மேலே தாளைப் போட்டுத் தேய்த்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக வரும். அதைப் பார்த்துத் தட்டைக் கழுவிவிடாதீர்கள்! இலையை மெதுவாக உரித்து, இன்னொரு தாளை வைத்து நன்றாக அழுத்துங்கள். இலைக்கடியில் தங்கிய பெயின்ட் இப்போதுதான் வருகிறது, ஒவ்வொரு நரம்போடும். வியாபாரி கேட்டு வாங்கிப்போவது இந்த இரண்டாம் தாளைத்தான்.

சேலத்துச் சித்திரை வெயிலில் தட்டு இளகும், பெயின்ட் சீக்கிரம் காயும். விடிகாலையில் வேலையை முடியுங்கள். பெயின்ட்டில் இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தட்டில் எழுதும் எழுத்து தாளில் இடவலமாக மாறும் என்பதால், பேரையோ கம்பெனி மார்க்கையோ கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதவும்.